நக்காட்டோவின் தொடை எலும்புக்கு இன்னும் அறுவை நடக்கவில்லை என்பது குறித்து

அனுப்புநர்:
பபிரியே தெயோபிஸ்டா,
இரண்டாம் ஆண்டு மாணவி,
நம்பீரி உயர்நிலைப் பள்ளி, நம்பீரி கிராமம்.

பெறுநர்:
திட்ட அலுவலர் அவர்கள்,
சிறுவர் எலும்பு அறுவை உதவித் திட்டம்,
மாவட்ட சுகாதார அலுவலகம், லுவாசூமா.

பொருள்: என் இரட்டைச் சகோதரி நக்காட்டோ பெலஜியாவுக்கு அறுவை முடிந்துவிட்டதாகத் தவறாகப் பதிவானதைத் திருத்தி, டிசம்பர் முகாமில் அவளைச் சேர்க்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் நக்காட்டோவும் ஒரே நாளில் பிறந்தவர்கள். முதலில் வந்தவள் நான். இருவருக்கும் தொடை எலும்பு உள்பக்கமாகத் திருகியிருந்தது. சென்ற ஆண்டு தங்கள் திட்டத்தின் உதவியால் எனக்கு அறுவை நடந்தது. அதை எங்கள் குடும்பம் என்றும் மறக்காது. அவளுக்கு இன்னும் நடக்கவில்லை. ஆனால் இருவருக்கும் முடிந்துவிட்டதாகச் சொல்லி, தங்கள் அலுவலகம் அவள் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியிருக்கிறது. இந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்பது எனக்குத் தெரியும். அதில் தங்கள் அலுவலரின் குற்றம் பாதிதான்.

2. நாங்கள் நடந்த விதத்தை முதலில் சொல்ல அனுமதிக்க வேண்டும். எங்கள் முட்டிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும், கட்டைவிரல்களும் அப்படியே. மழை விட்ட பிறகு பள்ளிப் பாதையின் செம்மண்ணில் எங்கள் தடங்கள் பதிந்தால், எது அவளுடையது, எது என்னுடையது என்று எங்களுக்கே தெரியாது. ஒரே வேரில் இருவரும் தடுக்கி, ஒரே நேரத்தில் விழுந்து, ஒரே நேரத்தில் சிரித்தோம். முச்சந்தியில் சைக்கிள் பழுது பார்க்கும் கக்வா அண்ணன், "பாருங்கப்பா, ரெண்டு பேரும் அவங்கவங்க கட்டைவிரலுக்கே வணக்கம் வெச்சுக்கிட்டுப் போறாங்க" என்பார். "உங்க சக்கரம் மட்டும் நேராவா ஓடுது, அண்ணா?" என்று நக்காட்டோ கேட்பாள். பதில் சொல்வது எப்போதும் அவள்தான். பெரியவர்களைக் கண்டு மண்டியிடும்போது மற்றப் பெண்களுக்குக் குதிகாலின் மேல் உட்காரத்தான் முடியும். நாங்களோ கால்களை இரு பக்கமும் விரித்து, நடுவே தரையிலேயே உட்கார்ந்துவிடுவோம். அது ஒரு குறை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு மட்டுமே தெரிந்த வித்தை என்று நினைத்திருந்தோம்.

3. வளர வளர முட்டி வலித்தது. நூலகத்தில் உள்ள உடலியல் புத்தகத்தில் தேடினேன். தொடை எலும்பு உடலிலேயே நீளமானது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. தங்கள் திட்டத்தின் முகாமுக்கு வந்த டாக்டர் சென்டோங்கோதான் தம் பேனாவைக் காட்டி விளக்கினார். "மூடியோட கொக்கி இடுப்புப் பக்கம், பேனா முள்ளு முட்டிப் பக்கம்னு வெச்சுக்கோங்க. ரெண்டும் பொருந்தி நிக்கணும். உங்களுக்கு முள்ளு உள்ள திரும்பியிருக்கு. பாதத்துல ஒரு குறையும் இல்லம்மா. முட்டி காட்டுற பக்கம் அது போகுது, அவ்வளவுதான்." எலும்பைக் குறுக்கே வெட்டி, கீழ்ப்பகுதியை வெளிப்பக்கம் திருப்பி, தகடு வைத்துத் திருகாணியால் பொருத்துவோம் என்றார். நக்காட்டோ அந்தப் பேனாவை வாங்கித் திருகிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

4. இருவரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதால், மூத்தவளான என்னை முதலில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நக்காட்டோ என் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துத் தங்கினாள். ஊன்றுகோலுடன் நான் முதன்முதலில் எழுந்து நின்றபோது என் பாதங்கள் நேராக முன்னே பார்த்தன. அவள் அதைக் கண்டுவிட்டு, "சிஸ்டர், இது யாரு காலு? எங்க பபிரியேவ எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்றாள். அந்த அறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

5. தவறு நேர்ந்தது ஏப்ரலில், தங்கள் கள அலுவலர் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று. என் தாயாரை ஊரில் எவரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை; இரட்டையரின் தாய் என்பதால் அவர் எல்லோருக்கும் நாலோங்கோ. ஒருத்திக்குத் துணி என்றால் மற்றவளுக்கும் துணி. ஒருத்திக்கு ஒன்று கிடைத்து மற்றவளுக்குக் கிடைக்கவில்லை என்று எங்கள் வீட்டில் வாயால் சொல்லக்கூடாது; அது இரட்டையருக்கு ஆகாது என்பார்கள். அலுவலர், "நாலோங்கோ, ஆபரேஷன் ஆயிடுச்சா?" என்று கேட்டார். "ஆயிடுச்சுங்க ஐயா. ரெட்டைப் புள்ளைங்க நல்லா இருக்காங்க" என்றார் அம்மா. என்னை முற்றத்தில் நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். நக்காட்டோ ஊற்றில் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். காத்திருக்கட்டுமா என்று அலுவலர் யோசித்தபோது, அவருடைய ஓட்டுநர், "ஒண்ணப் பாத்தா ரெண்டயும் பாத்த மாதிரிதானே சார்" என்றார். வண்டி புறப்பட்டது.

6. இதைத் திருத்தக் கேட்டுத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். "நீதான் நேரா நடந்து வர்றியே, பாப்பா" என்று எழுத்தர் அனுப்பிவிட்டார். மறுமுறை நக்காட்டோவையே அழைத்து வந்தேன். அவர் அவள் கால்களைப் பார்த்துவிட்டு, "இவளுக்கு முடிஞ்சதுன்னுதான் இருக்கு. சரியா வரலன்னா ஆஸ்பத்திரி மேல புகார் எழுது" என்றார். அறுவை செய்யாத மருத்துவர்மேல், அறுவை சரியில்லை என்று நான் எப்படி எழுதுவேன்?

7. இந்தப் பருவத்தில் நக்காட்டோ பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மேட்டுப்பாதையில் பாதி ஏறுவதற்குள் முட்டி வீங்கிவிடுகிறது. சேர்ந்து போன நாட்களில் நான் என்னை அறியாமல் முன்னே போய்விடுவேன். திரும்பிப் பார்த்து நின்றால், "போ போ, நீ நேராப் போறவ" என்பாள். முன்பு போல அவள் சிரித்துக்கொண்டு அதைச் சொன்னதில்லை. இப்போது செம்மண்ணில் என் தடம் எது என்று யாராலும் சொல்ல முடியும். அது ஒன்று மட்டுமே இருக்கிறது.

8. ஆகவே, ஒரு பெண் செவிலியரை அனுப்பி எங்கள் இருவரின் தொடைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். என் தொடைகளின் வெளிப்பக்கத்தில் நீளமான தழும்பு இருக்கிறது, அவளுக்கு இல்லை. அதற்கு மேல் சான்று தேவைப்படாது. அவளை டிசம்பர் முகாமில் சேர்த்துவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் பாய் விரிக்க நான் இருக்கிறேன்.

9. அம்மாவைக் கையொப்பமிடக் கேட்டேன். "ஒருத்திக்கு மட்டும்னு எழுதியிருக்கிற தாள்ல நான் கை வைக்க மாட்டேன்டி" என்றார். பிறகு என் எதிரில் நின்று, "நீ எழுது. நான் படிக்கல" என்றார். எனவே எங்கள் வீட்டில் இதுவரை யாரும் சொல்லாததை நான் எழுதுகிறேன்: எனக்குக் கிடைத்தது, நக்காட்டோவுக்குக் கிடைக்கவில்லை.

பிறந்தது முதல் எங்கள் பெயர்கள் சேர்ந்தே எழுதப்பட்டு வந்திருக்கின்றன. மறுபடியும் எங்களை ஒருத்தியாக எண்ணிவிடக் கூடாது என்பதால், இதில் மட்டும் தனியாகக் கையொப்பமிடுகிறேன்.

இடம்: நம்பீரி
நாள்: செப்டம்பர் 2, 2019

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
பபிரியே தெயோபிஸ்டா
(ஒருத்தி மட்டும்)