வாசலின் படம்

அன்பு மகளே,

தாடைக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள், நீ பேச வேண்டாம். கண் வீக்கமும் வடியவில்லையாம், அதனால் இதை வாசிக்கக் கேள்.

நேற்று கமிட்டி கூடியது. புருஷனிடம் அடிபட்டு ஓடி வரும் பெண்களுக்கான நம் விடுதிக்குச் சொந்தக் கட்டடம் கட்ட ஊரெல்லாம் நிதி திரட்டலாமா, அந்தப் பக்குவம் நமக்கு வந்துவிட்டதா என்று பேச்சு. முதல் நோட்டீசிலேயே விடுதி வாசலைப் படம் பிடித்துப் போட்ட புத்திசாலிகள்தான் பேசினார்கள். அதைப் பார்த்துத்தானே அந்தப் பாவி, நம்மிடம் ஓடி வந்த தன் மனைவியை இழுத்துப்போகக் கடப்பாரையோடு வந்தான்! கதவு பிளந்ததையும், நீ குறுக்கே நின்றதையும், உன் பல் என் காலடியில் விழுந்ததையும் அவர்கள் பார்க்கவில்லை.

பொருளாளர் சொன்னார்: "பெரியவரே, இதுதான் நல்ல சமயம். உங்க பொண்ணோட கட்டுப் போட்ட முகத்தைப் போட்டா ஜனங்க அள்ளிக் கொடுப்பாங்க."

"உன் மூஞ்சியை இப்பவே உடைச்சுத் தர்றேன், அதைப் போடுடா!" என்று நாற்காலியை வீசிவிட்டேன். அவர் கண்ணாடி நொறுங்கி, புருவம் கிழிந்து ரத்தம் வந்தது.

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன்: "எதைக் காட்டிக் கேக்கக் கூடாதுன்னு தெரியுற வரைக்கும் நமக்குப் பக்குவம் இல்லை." தள்ளிவைக்கலாம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். பொருளாளரும்தான், பயத்திலோ என்னவோ.

எனக்காக இதை எழுதுகிறவள் அந்தக் கடப்பாரைக்காரனின் மனைவி. "அக்கா முன்னாடி எந்த முகத்தோட போய் நிப்பேன், அப்பா?" என்று அழுகிறாள். "எழுதி முடிம்மா. நீயே போய் வாசிச்சுக் காட்டு" என்றேன்.

குரலை வைத்தே கண்டுபிடித்திருப்பாய். அவள் கையைப் பிடித்துக்கொள்.

உன் அப்பா