சரிதா பெயரில் வந்த மாத்திரைகள்

நெய்வேலி
சனிக்கிழமை, மத்தியானம்

அன்புள்ள அன்புக்கரசி அக்காவுக்கு,

தொண்டையைச் செருமிக்கொண்டு உன் தங்கை தமிழ்நிலா எழுதுவது. நான் பாதி நலம். மீதிப் பாதியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

உங்கள் நர்சிங் ஹாஸ்டலில் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம்தான் பேச விடுகிறார்கள். அந்த ஐந்து நிமிஷமும் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவைப் பற்றிய புகாரை அம்மா காதுபடச் சொல்ல முடியுமா? அதனால்தான் கடிதம். உங்கள் வார்டன் இதைப் பிரித்துப் படிப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம். படித்தால், வணக்கம் மேடம், முடித்ததும் தயவுசெய்து அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.

போன ஞாயிறு எனக்கு ஜுரம், தொண்டை வலி. எச்சில் விழுங்கினால் கருவேல முள்ளை விழுங்கியது மாதிரி இருந்தது. அம்மா நம்பவில்லை. தப்பு என்மேல்தான். காலாண்டுப் பரீட்சைக்கு முந்தைய நாள் நாக்கில் பீட்ரூட்டைத் தேய்த்து, தொண்டை ஓரத்தில் தயிர்ச்சோற்றுப் பருக்கை இரண்டை ஒட்டிக்கொண்டு, சீழ் பிடித்துவிட்டது என்று வாயைப் பிளந்து காட்டியவள் நான். இந்த முறை அம்மா டார்ச் அடித்து, ஸ்பூன் காம்பால் அந்த வெள்ளையைச் சுரண்டிப் பார்த்தாள். பருக்கை இல்லை என்று தெரிந்ததும்தான் முகம் மாறியது.

திங்கட்கிழமை காலையில் பெரிய ஆஸ்பத்திரி. நமக்கு ஏது மெடிக்கல் புத்தகம்? கம்பெனி அதை பெர்மனன்ட் ஆட்களின் குடும்பத்துக்குத்தான் கொடுக்கிறது; ஜெயராமன் பெரியப்பா பெர்மனன்ட், அம்மா கான்ட்ராக்ட். எனவே வழக்கம்போல நான் பெரியப்பா மகள் சரிதா ஆனேன். புத்தகம் பெரியப்பாவுடையது, பெயர் சரிதாவுடையது, தொண்டை மட்டும் என்னுடையது. டாக்டரம்மா பழைய சீட்டைப் பார்த்து, சைக்கிளில் விழுந்து உடைந்த கை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்று வலது கையை நீட்டினேன். உடைந்தது இடது கையாம். அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

இருமல் உண்டா, மூக்கு ஒழுகுகிறதா என்று கேட்டார். இரண்டும் இல்லை. தாடைக்குக் கீழே அழுத்தினார். இரண்டு பக்கமும் நெல்லிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. குச்சியால் நாக்கை அமுக்கி, பஞ்சு சுற்றிய இன்னொரு குச்சியைத் தொண்டைக்குள் விட்டு ஒரு தடவு தடவினார். குடல் வாய்க்கு வந்துவிட்டது. அங்கேயே சோதித்துவிட்டு, பாக்டீரியாத் தொற்றுதான் என்றார். பென்சிலின் மருந்து எப்போதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டதற்கு அம்மா இல்லை என்றாள். என் விஷயத்தில் அது உண்மை. சரிதா விஷயத்தில் சரிதாவுக்கே வெளிச்சம்.

பத்து நாள், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, ஆக இருபது மாத்திரை. மூன்றே நாளில் வலி போய்விடும், போனதும் நிறுத்திவிடாதே, அரைகுறையாக விட்டால் திரும்ப வரும், மூட்டில் இறங்கும், இதய வால்வையே கெடுக்கலாம் என்று டாக்டரம்மா எழுத்தெழுத்தாகச் சொன்னார். வீட்டில் வேறு யாருக்காவது தொண்டை வலி உண்டா என்றும் கேட்டார். அம்மா இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை, அக்கா.

வியாழக்கிழமை காலையில் அட்டையை எடுத்தால் பத்துதான் இருந்தது. பதினான்கு இருக்க வேண்டும். நான்கு மாத்திரைகள் எங்கோ யாத்திரை போய்விட்டன.

முதல் சந்தேகம் சரிதாமேல். தினம் சாயங்காலம் வந்து, மாத்திரை என் பேர்லதானே வந்துச்சு, எனக்குப் பங்கு எங்கடி என்று கேட்டுக்கினு இருந்தவள் அவள். அன்றைக்கே பள்ளிக்கூட ஸ்டாம்ப் பேடு மையைக் கொஞ்சம் சுரண்டி வந்து அட்டையின் பின்பக்கம் ஒரு ஓரத்தில் தடவி வைத்தேன். ஈரக்கை பட்டால் ஊதா ஒட்டிக்கொள்ளும், சீக்கிரத்தில் போகாது. சரிதா வந்தாள், டீ குடித்தாள், போனாள். விரல் பளிச்சென்று இருந்தது.

மறுநாள் காலையில் அம்மா எனக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஊதா. நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. மாட்டினியா கலியம்மா என்று அம்மாவைப் பெயர் சொல்லிக் கத்தினேன். அம்மா திட்டவில்லை. திட்டக் குரல் இல்லை. உனக்கு முன்னாடியே எனக்கு வந்துச்சுடி, ஒரே டம்ளர்ல குடிச்சிக்கினு இருந்தோமே, என்கிட்டருந்துதான் உனக்கு ஒட்டிக்கிச்சு, ரெண்டு நாளு போட்டா சரியாப்பூடும்னு பாத்தேன் என்று காற்றாகச் சொன்னாள். பத்து நாளாக வீடு அமைதியாக இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன், அக்கா.

குறிஞ்சிப்பாடி அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். காலையில்தான் பார்ப்பார்கள், காலையில்தான் அம்மாவுக்கு டவுன்ஷிப் பிளாக்கில் கூட்டுகிற வேலை. வேலையில் வைத்துக்கொள்கிற ஆட்களுக்கு சூப்பர்வைசர் புது லிஸ்ட் எடுக்கிறானாம், திங்கட்கிழமை எனக்காகப் போட்ட லீவுக்கு மேல் இன்னொன்று போட்டால் அம்மா பெயர் அதில் இருக்காதாம். பெரியப்பா புத்தகத்தில் கமலா பெரியம்மா பெயரில் போயேன் என்றேன். கமலா அக்காவுக்கு சுகர், அது பேர்ல போனா சக்கரை மாத்திரையும் சேத்துக் குடுத்து என்னிய மயக்கம்போட வெப்பாங்க என்கிறாள். இனிமேல் உன் மாத்திரையைத் தொடமாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வேறு. அப்பா பண்ருட்டியிலிருந்து பலாப்பழ லோடு ஏற்றிக்கொண்டு போனவர், வர ஒரு வாரம் ஆகும். போனில் சொன்னால் அம்மாவிடம் கொடு என்கிறார், அம்மா ஒண்ணுமில்ல என்கிறாள், அதோடு முடிந்தது.

இன்று விடியற்காலையில் டீயை வாயில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். அப்புறம் கண்ணை மூடி விழுங்கினாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. இதை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன். கிடைத்த அன்றே வார்டனிடம் அவசரம் என்று கெஞ்சி அம்மாவுக்குப் போன் பண்ணு. அம்மாவின் தொண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. தமிழ்நிலாவுக்குத் திரும்பவும் சோதிக்க வேண்டும், குறிஞ்சிப்பாடிக்கு நீயே கூட்டிக்கொண்டு போ, இல்லாவிட்டால் அவள் இதயத்துக்கு ஆபத்து என்று நர்சம்மா குரலில் மிரட்டு. தனக்கென்றால் லீவு போடமாட்டாள். எனக்கென்றால் லிஸ்டாவது ஒன்றாவது என்று கிளம்பிவிடுவாள். அங்கே போனதும் டாக்டர் முன்னால் இருக்கிற ஸ்டூலில் அவளைப் பிடித்து உட்கார வைப்பது என் பொறுப்பு. அவள் சொந்தப் பெயரிலேயே சீட்டு வாங்கிவிடுவேன்.

இது கிடைப்பதற்கு முன்னாலேயே, நாளை ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போது நான் வழக்கம்போலக் கோமாளித்தனம் பண்ணுவேன். அதை வைத்து, இந்தக் கடிதமும் ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிடாதே.

நீ நன்றாகச் சாப்பிடு, நன்றாகப் படி. யாருடைய டம்ளரிலும் தண்ணீர் குடிக்காதே.

அட்டையில் ஆறு மாத்திரை இருக்கிறது. நேற்று ராத்திரியிலிருந்து நான் போடவில்லை. வாயில் போட்டதுபோலப் பாவனை காட்டித் தண்ணீரை மட்டும் குடிக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் ஜுரம் ஏறினால் கொடுப்பதற்கு ஏதாவது வேண்டாமா? இது தப்பு என்று நீ சொல்வாய். எனக்கும் தெரியும். சீக்கிரம் கூப்பிடு, அக்கா.

உன் தங்கை,
தமிழ்நிலா