இரண்டு பேர் பேசிய குகை

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று அந்தச் சிவப்புப் பாறைப் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தேன். வெரிபீயில் இருக்கும் நம் வீட்டிலிருந்து நானே கார் ஓட்டிக்கொண்டு போனேன் என்றால் நம்பமாட்டீர்கள். நீங்கள் அங்கே காணாமல் போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அங்கிருக்கும் குகைக்குள் யாரும் இல்லை என்று தேடியவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

சனிக்கிழமை என்பதால் பாதை முழுக்கக் கூட்டம். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சிரித்தபடி நடந்தார்கள். நீங்கள் கடைசியாக அனுப்பிய படத்தில் இருந்த குகை வாசலை, அந்தப் பாறைப் பிளவைக் கண்டுபிடித்து, புதரை விலக்கி உள்ளே நுழைந்தேன். பத்தடியிலேயே இருட்டிவிட்டது.

"என்னங்க" என்று கூப்பிட்டேன். என் குரலே திரும்பி வந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். இந்த முறை எதிரொலி வரவில்லை.

"வந்துட்டியா?" என்று ஒரு குரல் மெதுவாகக் கேட்டது. தூங்கி எழுந்ததும் உங்களுக்கு வருமே, அதே கரகரப்பு.

முழங்கை சிராய்க்க வெளியே ஓடிவந்தேன். குகை வாசலில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதி நிழலுக்காக உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு, "உங்கட அவர் இன்னும் வரேல்லையோ? ரெண்டு பேரும் கதைச்சது கேட்டதே" என்றார்.

"பின்னாடி வர்றார்" என்றேன்.

அவர்கள் போன பிறகும் அங்கேயே நின்றேன். உள்ளிருந்து காலடிச் சத்தம் நெருங்கி வந்தது. உங்கள் நடைதான், எனக்குத் தெரியாதா? இத்தனை மாதம் அதற்காகவே காத்திருந்த நான், திரும்பிப் பார்க்காமல் காருக்கு ஓடிவிட்டேன்.

மன்னித்துவிடுங்கள். வந்தது நீங்கள்தான் என்றால், எனக்கு ஏன் அவ்வளவு பயமாக இருந்தது?

இன்னமும்,
உங்கள் மனைவி