சுவரில் என் பல்

டாக்டர் மகளுக்கு,

பாண்டிங்கா, வெனீரா என்று நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நேற்று உன் கிளினிக்கிலிருந்து நழுவிவிட்டேன். ஊசிக்குப் பயந்து ஓடினேன் என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொள். எனக்கொன்றும் மரியாதை குறையாது.

உடைந்த பல்லில் பல் நிறப் பசையைப் பூசி அன்றைக்கே சரிசெய்வது பாண்டிங், பல்லைச் சீவி மேலே மெல்லிய ஓடு ஒட்டுவது வெனீர் என்று புரியும்படிதான் சொன்னாய். உடைந்தது ஒரு முன்பல். என்னைக் கேட்டுவிட்டு, முன்னாலிருக்கும் ஆறு பல்லுக்கும் வெனீர்தான் என்று நீயே ஏன் ஒற்றைக்காலில் நின்றாய் என்பதுதான் அப்போது புரியவில்லை. "உங்களுக்காகத்தான்பா" என்றாய். நம்பினேன்.

பிறகு வெளியே காத்திருந்தபோது பக்கத்திலிருந்த அம்மாள் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி, "இந்தப் பல்லை வெச்சுக்கிட்டு இந்த ஆளு எப்படித்தான் வெளியே தலைகாட்டினாரோ!" என்றார். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அப்புறம்தான் மீசையைப் பார்த்தேன். என் மீசை! நீ பட்டம் வாங்கிய அன்று என்னை எடுத்த படத்தில் கண்ணையும் மூக்கையும் வெட்டிவிட்டு, வாயை மட்டும் பெரிதாக்கி 'வெனீருக்கு முன்' என்று போட்டிருக்கிறாய். பக்கத்தில் 'பின்' என்ற கட்டம் காலியாக இருக்கிறது.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே வந்து இளித்துக்கொண்டு நின்றிருப்பேனே, கண்ணு.

பாண்டிங்தான் செய்துகொள்ளப் போகிறேன், வேறு டாக்டரிடம். அந்தக் கட்டத்துக்கு வேறு வாயைப் பார்த்துக்கொள்.

"ஏங்க, வாயைப் பொத்திக்கிட்டே பேசறீங்க?" என்று இன்று காலை உன் அம்மா கேட்டாள். பல்வலி என்றேன். "அது உடைஞ்ச நாள்லருந்து வலிச்சதே இல்லையே?" என்றாள்.

நேற்றிலிருந்துதான் என்றேன்.

இப்படிக்கு,
உன் அப்பா