சுவரில் இருந்த பென்சில் கோடுகள்

வைகாசி 12, செவ்வாய்

இன்று அக்கராயனில் ஒரு வீட்டுக்கு சோலர் பூட்டினேன். மின்சாரம் சேமிக்கும் பற்றரிக்கு வெயில் படாத சுவர் வேண்டும் என்று நடு அறைச் சுவரைத் தெரிவுசெய்தேன். அதில் ஏழெட்டுப் பென்சில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மேசன் மட்டம் பார்த்துக் கீறியவை என்று நினைத்தேன். துளையிட நான் கீறும் கோடுகளோடு குழம்பும் என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பற்றரியை மாட்டினேன். வேலை சுத்தமாக வந்ததில் எனக்கே பெருமை.

சந்தையால் வந்த வீட்டுக்கார அக்கா அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

“தம்பி, அதில கிடந்த கோடுகள் எங்க?”

“துடைச்சிட்டன் அக்கா.”

அவர் கையிலிருந்த சந்தைப் பையைக் கீழே வைத்தார்.

“மகள் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் அதில நிண்டு உயரம் பாக்கிறவள். போன மாரிக்குள்ள காய்ச்சலில செத்துப்போனாள். உங்களுக்குச் சொல்லாமல் போனது என்ர பிழைதான், தம்பி.”

என் பிழையை அவர் தன்னுடையதாக்கியதை என்னால் தாங்க முடியவில்லை. கடைசிக் கோட்டையாவது திரும்பக் கீறிவிடலாம் என்று, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, எவ்வளவு உயரம் என்று கேட்டேன். மடையன்.

அவர் சுவரருகே போய், தன் நெஞ்சுக்கு நேரே கையை நீட்டினார். கை பற்றரியில் போய் முட்டியது.