ஹேமநாத் மிஷினை நிறுத்தினான்

கவரைப்பேட்டை

அன்பு மகள் ஷைனிக்கு அம்மா எழுதுவது, ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் சைக்கிளை விடமாட்டேன் என்கிறார். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் என் மெக்கானிக்கல் வகுப்பில் பிள்ளைகளை நான்கு நான்கு பேராக உட்காரவைத்துக் கேள்வி கொடுத்தேன் என்று சொன்னேனே, கம்பெனி லைனில் ஒரு மிஷின் வழக்கத்துக்கு மாறாக அதிர்கிறது, சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லை, நாலு மணிக்குச் சரக்கு கிளம்பவேண்டும், நீ என்ன செய்வாய் என்று. முதலில், ஆன்சர் இன்னான்னு சொல்லிட்டீங்கன்னா எழுதிக்கிறோம் மேடம் என்றார்கள். நான் சொல்லவில்லை. மெல்ல மெல்லச் சண்டை போட ஆரம்பித்தார்கள், இருபது வருஷத்தில் எனக்கு அப்படியொரு சந்தோஷம் வந்ததில்லை. ஹேமநாத் என்று பழவேற்காட்டுப் பையன், மீன்பிடிக்கிற குடும்பம், அவன்தான் எழுந்து, நா நிறுத்திடுவேன் மேடம், திட்டுனா வாங்கிக்கினு போறேன், கை போனா வராதில்ல என்றான். எல்லோரையும் கைதட்டச் சொன்னேன்.

ஜூனில் அவனுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் டிரெயினி வேலை கிடைத்தது. மூன்றாம் மாதம் ஒரு பிரஸ் மிஷின் அதிர்ந்திருக்கிறது, சூப்பர்வைசரைத் தேடியிருக்கிறான், ஆள் இல்லை, நிறுத்திவிட்டான். பிரித்துப் பார்த்தால் ஒரு பழுதும் இல்லை. இரண்டு மணி நேரம் லைன் நின்றுபோனது, மறுநாள் கேட்டிலேயே வரவேண்டாம் என்றுவிட்டார்கள். நேராகக் காலேஜுக்கு வந்தான். நீங்க சொல்லிக்குடுத்த மாரிதான மேடம் செஞ்சேன், தப்பா என்றான். தப்பில்லை என்றேன். அப்பறம் ஏன் மேடம் தூக்கிட்டாங்க என்றான். கம்பெனிக்குப் போன் செய்தேன், நீங்க யாரு மேடம் அவனுக்கு என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார்கள். எங்கள் எச்.ஓ.டி.யோ, போர்ஷனை முடிங்க மேடம், அது போதும் என்கிறார். அவன் இப்போது காண்டிராக்டரிடம் லோடு ஏற்றுகிறான்.

நேற்று புது பேட்ச்சுக்கு அதே கேள்வியைக் கொடுத்தேன். ஹேமநாத்துக்கு நடந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, சூப்பர்வைசர் வரும்வரை காத்திருப்போம் என்று பத்துக் குழுவும் எழுதிக் கொடுத்துவிட்டது. துர்காதேவி என்ற பெண் மட்டும் எழுந்து, நிறுத்தணும்னுதான் தோணுது, நீங்களே சொல்லுங்க மேடம், நிறுத்தலாமா என்று கேட்டாள். போர்டைத் துடைத்துக்கொண்டு நின்றேன். மணி அடித்துவிட்டது, நிறுத்து என்று என் வாயில் வரவில்லை.

உங்கள் இருவரையும் ஆண்டவர் பத்திரமாக வைத்திருக்கட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே. ஜெபத்தில் ஹேமநாத்தின் பெயரையும் சொல், மறந்துவிடாதே.

உன் அம்மா,
விக்டோரியா