தனித்தனி டிக்கெட்

என்னங்க,

நடுவழி விமான நிலையத்தில், பெட்டிகள் சுற்றிவரும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாக டிக்கெட் போட்டீர்கள். அதனால் இங்கே வெளியே வந்து, பெட்டியை எடுத்து, அடுத்த விமானத்தின் கவுன்ட்டரில் மறுபடி போட வேண்டும். போனில் படித்துப் படித்துச் சொன்னீர்கள். மறக்கவில்லை.

கவுன்ட்டரை மூடப்போகிறார்கள். நம் பெட்டி என்னைத் தாண்டித் தாண்டிப் போகிறது.

காலையில் நம் ஊரில் ஏறும்போது, பாதுகாப்புச் சோதனை செய்த அம்மா, "ரெண்டு கையையும் மேல தூக்குங்க" என்றார். இடது கை தோளுக்கு மேல் எழவில்லை.

"என்னாச்சும்மா?"

நீங்கள் டாக்டரிடம் சொன்னதையே நானும் சொன்னேன். "வீட்டு மாடிப்படியில விழுந்துட்டேங்க."

அவர் என் கையை மெல்ல இறக்கிவிட்டார். "திரும்ப அந்த வீட்டுக்கேவா போறீங்க?" என்றார்.

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். விமானத்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நாம் இருப்பது தரைத்தளம். நம் வீட்டில் ஏதுங்க மாடிப்படி?

ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால், பெட்டியும் நானும் யோசிக்காமல் உங்களிடம் வந்து சேர்ந்திருப்போம்.

இதோ, பெட்டியை இறக்கிவிட்டேன். கவுன்ட்டருக்குப் போகவில்லை. அண்ணனிடம் பேசினேன். எதையும் கேட்காமல், "நீ கெளம்பி வா, நான் பாத்துக்கறேன்" என்று ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டான்.

என்னை அழைத்துப்போக வந்து நிற்காதீர்கள்.

இப்படிக்கு,
எந்தப் படியிலும் விழாதவள்